சைலன்சரை மட்டும் மாத்தப்படாதுங்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நடுநிலை எதுவும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் பழசான 2011 மாடல் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க் ஒன்றை வாங்கி, அன்றிலிருந்து கால் தரையில் பாவாமல் திரிகிறவன் எழுதுகிறேன். கால் பாவாமல் என்பது பேச்சுக்குத்தான். இந்த வண்டியில் கால் நன்றாகவே பாவும். ஐந்தரை அடி உயரக்காரனான எனக்கு, சிக்னலில் இரண்டு பாதமும் அலுங்காமல் ஊன்றுகிறது. அதற்கே தனியாக ஒரு கும்பிடு போடணும்.

ஆசை 2002-ல் பிடித்தது. அப்போது கோயம்புத்தூரில் கல்லூரிக் கடைசி வருஷம். நீட்டிப் படுத்தாற்போல் உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள் நம் ஊருக்கு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. அதற்கு முந்தின வருஷம் பஜாஜ், கவாசாகியோடு சேர்ந்து எலிமினேட்டரை இறக்கியிருந்தது. 175 சிசி. அவ்வளவு நீளமான வண்டியை அதுவரை நாங்கள் ஆங்கிலப் படத்தில்தான் பார்த்திருந்தோம். யமஹாவின் என்டைசரும் வந்தது. உடம்பு குரூஸர், இன்ஜின் 125 சிசி, பாவம். இவற்றுக்கு நடுவில்தான் ராயல் என்ஃபீல்டிடமிருந்து தண்டர்பேர்ட்.

அதுவரை எங்களுக்கு புல்லட் என்றால் பெரிய மனுஷர் வண்டி. இன்ஸ்பெக்டர், பால் சொசைட்டி தலைவர், தோட்டம் துரவு உள்ளவர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரவல் வாங்கி ஓட்டுகிறவன் பிரேக் பிடிப்பதாக நினைத்து கியரை மிதிப்பான். எதிரே நின்ற எருமைக்கு மட்டும் ஆயுசு கெட்டியாக இருக்கும். தண்டர்பேர்ட் அந்தக் கியரை இடது பக்கம் கொண்டுவந்தது. நாலு கியரை ஐந்தாக்கியது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 346 சிசி லீன்பர்ன் இன்ஜினைப் போட்டது. 1950-களிலிருந்து புல்லட் செய்துவந்த அதே திருவொற்றியூர்த் தொழிற்சாலையில்தான் இதையும் செய்தார்கள். அவினாசி ரோட்டு சிக்னலில் ஒருநாள் என் டவுன் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து நின்றது. கண்ணீர்த்துளி மாதிரி டேங்க். ஹேண்டில்பார் தானாக ஓட்டுகிறவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஓட்டியவர் எதையும் எட்டிப் பிடிக்கவில்லை, குனியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருந்தார். பச்சை விழுந்ததும் அந்தத் திண்ணை அப்படியே நகர்ந்து போனது.

அந்தத் திண்ணை என் வீட்டு வாசலுக்கு வர இருபத்தொரு வருஷம் ஆயிற்று. நடுவில் வேலை, கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன், ஒரு ஸ்கூட்டர்.

நான் தேட ஆரம்பித்தபோது தண்டர்பேர்ட் என்ற பெயரே புது வண்டிகளில் இல்லை. 2020-ல் நிறுத்திவிட்டார்கள், அந்த வருஷக் கடைசியில் மீட்டியார் 350 வந்தது. ஷோரூமுக்குப் போய் அதையும் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதில் கிக்கர் கிடையாது. சோக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. பட்டனை அழுத்தினால் புறப்பட்டுவிடுகிறது. எனக்குக் காலையில் வண்டியோடு ரெண்டு வார்த்தை பேசணும். அப்படிப் பேசுகிற வண்டி இனிமேல் செகண்ட்ஸில்தான் கிடைக்கும்.

ட்வின்ஸ்பார்க்தான் வேணும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 2008-ல் தண்டர்பேர்டுக்குப் புது இன்ஜின் வந்தது. கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள், இரண்டு பிளக், ஹைட்ராலிக் டேப்பெட். டேப்பெட் செட்டிங் என்று மாசாமாசம் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அதற்கு அடுத்த வருஷம் வந்து ஊரையே மயக்கிய கிளாசிக் 350-யின் வயிற்றிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். ஊர் மொத்தமும் கிளாசிக் பின்னால் போய்விட்டது, தண்டர்பேர்ட் பந்தியில் கடைசி இலைக்காரனாக உட்கார்ந்துவிட்டது. நான் பார்த்தவரை அதே வருஷத்து கிளாசிக்கைவிட இது குறைந்த விலைக்குக் கிடைப்பது அதனால்தான். எனக்கு அது வரம்.

நாலு மாசம் அலைந்தேன். ஏழு வண்டி பார்த்தேன். உக்கடத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக புல்லட்டுகளையே பார்க்கிறவர். முதல் வண்டி பார்க்கப் போகுமுன் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “போனதும் பேசாம இன்ஜின்ல கைய வைங்க தம்பி. சூடா இருந்தா டீ குடிச்சிட்டு வந்துருங்க.”

இரண்டாவது வண்டியிலேயே அது பலித்தது. வீட்டுக்காரர் வாசலுக்கு வருமுன் கையை வைத்தேன். இட்லிப் பானை மாதிரி கொதித்தது. என்னைப் பார்த்ததும் அவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டிப் பெருமையாகச் சிரித்தார். ஆறின இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதுதான் சேதி. சூடான இன்ஜினைக் குழந்தைகூட எழுப்பிவிடும். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

நாலாவது வண்டி “ஷோரூம் கண்டிஷன் சார்”. உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. மீட்டரில் 18,000 கிலோமீட்டர். ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் வரியே இல்லை, பிரேக் பெடலின் விளிம்பு தேய்ந்து வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. 18,000-க்கு அப்படித் தேயாது. கைப்பிடி லீவரின் குண்டு முனை சீவிவிட்டதுபோல் இருந்தது; எங்கோ தார் ரோட்டில் உரசியிருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் ஃபிரேமில் போய் முட்டுமே, அந்த ஸ்டாப்பர், அதில் புது பெயின்ட்டுக்கு அடியில் ஒரு நெளிவு. பெயின்ட் பூசத் தெரிந்தவருக்கு அந்த இடத்தை மட்டும் மறைக்கத் தெரியவில்லை.

எட்டாவது வண்டி ஆனைமலையில் இருந்தது.

பொள்ளாச்சிக்குத் தேங்காய் வாங்கப் போகும் என் சித்தப்பா பையன் சொன்னான். “ஒரு தோப்புக்காரர் வீட்டுல தார்ப்பாய் போட்டு மூடியிருக்குதுண்ணா. தண்டர்பேர்டா என்னான்னு தெரியல, பின்னாடி சாஞ்சுக்க முதுகுப் பலகை இருக்குது.” ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐப்பசி மழை விட்டு மண் வாசம் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொப்பரைக் கொட்டகை. கொப்பரையின் அந்தத் திகட்டும் எண்ணெய் வாசத்துக்கு நடுவில், மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு நீலத் தார்ப்பாய். அவர் அதை விலக்கினார். எழுபது வயதிருக்கும், வேட்டி, துண்டு, மேலே சட்டை இல்லை.

கறுப்பு வண்டி. டேங்க் மேல் விரல் கனத்துக்கு தூசி. குரோமில் அங்கங்கே கொப்பரை மாவு. ஒரு பல்லி, ஸ்பீடாமீட்டர் ஓரமாக, வண்டி தன்னுடையது என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. இன்ஜினில் கை வைத்தேன். கிணற்றுக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது.

“பையன் வாங்குனதுங்க தம்பி. அவன் கனடா போயி அஞ்சு வருசமாச்சுங். போறப்ப தொடச்சு மூடிட்டுப் போனான். நானெங்கீங் இத ஓட்ட?”

டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு எத்தனையாவது வாரம், பின் இரண்டு எந்த வருஷம். முன் டயரில் 1815. அதாவது 2015-ன் பதினெட்டாம் வாரம். ரப்பர் வெயிலில் காய்ந்த களிமண் மாதிரி வெடித்திருந்தது, ஆனால் பட்டன் நிறைய மிச்சம். ஆக, ஓடித் தேயவில்லை; நின்று வெடித்திருக்கிறது. மீட்டர் 31,400 காட்டியது, ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் அதையேதான் சொன்னது. லீவர் முனைகள் இரண்டும் உருண்டையாக, ஒரு கீறல் இல்லாமல். ஸ்டாப்பர் நேராக இருந்தது. டேங்க் மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது; உள்ளே டார்ச் அடித்தால் அடியில் மட்டும் கொஞ்சம் துரு, மேலே சுத்தம். வலது பக்கம் கீழே ஆயில் பார்க்கும் சின்னக் கண்ணாடி இருக்கும். அதில் ஆயில் கருங்காப்பி நிறத்தில் அசையாமல் நின்றது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். நடுவில் எங்கேயும் கடகடவென்று பிடிக்கவில்லை. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினேன், ஆடவில்லை. முன் ஃபோர்க்கை அமுக்கினேன், ஆயில் கசிந்து கம்பியில் வளையம் விழுந்தது. சரி, அது சீல். ஐந்து வருஷம் நின்றால் சீல் காயத்தான் செய்யும்.

கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினேன். பாதி வழி போய், கனமாக, ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ தடுத்தது. கம்ப்ரெஷன் இருக்கிறது. பிஸ்டன் இறுகிப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதும் உள்ளங்கையில் அந்தக் கனம் இருக்கிறது.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது பேரத்தின் பாலபாடம். எனக்கு அந்தப் பாடத்தில் எப்போதும் சைபர். ஐயா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எழுபத்தஞ்சு சொன்னார். ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றேன். “அது வாஸ்தவந்தானுங்” என்று அறுபத்தெட்டுக்கு வந்தார். டயர், பேட்டரி என்று விரல் மடக்கினேன். அறுபத்திரண்டில் நின்றோம். வேறு ஏதாவது பழுது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் ஐயா என்று கேட்டதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “ஏனுங் தம்பி, மாசாணியம்மன் ஊர்ல உக்காந்துட்டு மறைச்சு விக்க முடியுங்களா? நீங்க போயி கோயில்ல மொளகா அரைச்சுப் பூசிட்டீங்கன்னா நான் எங்க போறது?”

அப்புறம் ஒரு நிபந்தனை. “சைலன்சர மட்டும் மாத்தப்படாதுங்.”

நான் மாற்றப் போவதில்லை, ஆனாலும் ஏன் என்று கேட்டேன். “ஒருக்கா பையன் வெடிச் சத்தம் வர்றதா ஒண்ண மாட்டிட்டு வந்தானுங். தோட்டத்துக்குள்ள நொழையறான், சென மாடு கவுத்த அத்துட்டு ஓடுது. நாலு பேரு போயி அங்கலக்குறிச்சிகிட்டதான் புடிச்சோம். அன்னிக்கே கழட்டிப் பழசப் போடச் சொல்லீட்டேன்.” புல்லட் குடும்பத்து வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் அனைவரையும் அந்த மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தணும் போல இருந்தது.

அன்றைக்கே பையனை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். கனடாவில் அப்போது விடியவில்லை, போர்வைக்குள்ளிருந்தே பேசினான். “டேங்க்க காட்டுங்கண்ணா. மீட்டர காட்டுங்க.” காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ரெண்டாவது சாவி டூல் பாக்ஸுல ஒரு துணியில சுத்தி வச்சிருக்கேன். சோக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல போடாதீங்க, பிளக்கு நனைஞ்சுரும்” என்றான். துணியைப் பிரித்தால் சாவி இருந்தது.

காகித சமாச்சாரத்தை மட்டும் கொஞ்சம் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் சந்தோஷத்தில் இதை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் அநேகம். ஆர்.சி. ஐயா பெயரில் இருந்தது. தோட்டத்துப் பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கியதால் அப்படி. இல்லாவிட்டால் கையெழுத்துக்குக் கனடா போகணும். ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தோம். சிக்கல் எங்கே என்றால், கடனை 2014-லேயே கட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் நீக்கவே இல்லை. ஒரு வங்கிக் கிளையில், பெயர் வேண்டாம், கணக்கு முடிந்ததற்கு ஒரு கடிதமும் ஃபார்ம் 35-ல் ஒரு கையெழுத்தும் வாங்க மூன்று முறை நடந்தோம். மூன்றாவது முறை ஐயா ஒரு குலை இளநீர் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். லஞ்சம் இல்லை, “பாவம், வெயில்ல உக்காந்திருக்காங்க” என்றார். இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஆர்.சி. பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து வருஷம். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். பழைய வண்டி பார்க்கிறவர்கள் விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

குட்டி யானையில் ஏற்றி உக்கடத்துக்குக் கொண்டுபோனேன். பாய் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிளக் இரண்டையும் கழற்றி, ஓட்டை வழியாக உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, “ஒரு ராத்திரி ஊறட்டும்” என்றார். நம் வீட்டில் உளுந்துக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

கார்புரேட்டரைக் கழற்றும்போது கிட்டத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்பு ரப்பர் சவ்வு ஒன்று. ஸ்லைடைத் தூக்கிவிடுவது அதுதான். பாய் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஊசி நுனி அளவில் மூன்று ஓட்டை; அந்த வழியாகக் கடைவீதி தெரிந்தது. “இது கிழிஞ்சா, நீங்க எவ்வளவு முறுக்கினாலும் வண்டி இழுக்காது. ஆளுங்க இன்ஜின் போச்சுன்னு நெனச்சு அடிமாட்டு விலைக்கு வித்துட்டுப் போவாங்க.” சவ்வு மாற்றினார், ஜெட்டுகளை ஊதினார், டேங்க்கைக் கழுவினார். இரண்டு டயர், பேட்டரி, ஃபோர்க் சீல், கிளட்ச் கேபிள், பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு கிட். ஆயில் 15டபிள்யூ-50, முதலில் ஊற்றியதை ஐம்பது கிலோமீட்டரில் வடித்துவிட்டு மறுபடி புதுசு. கூலியோடு 23,400 ரூபாய். மொத்தம் எண்பத்தைந்தாயிரத்து நானூறு. என் மனைவிக்கு நான் சொன்ன கணக்கு வேறு; இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஸ்டார்ட் செய்த சாயங்காலம். பாய் செல்ஃப் பக்கமே போகவில்லை. “மொத தடவ கால்ல எழுப்பணும்” என்றார். சோக்கை இழுத்து, கிக்கரை அந்தக் கனம் வரும் இடம்வரை கொண்டுவந்து, ஒரு உதை. ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. மேலே கடகடவென்று தட்டல் கேட்டு என் முகம் வெளுத்துவிட்டது. பாய் விரலைத் தூக்கி “இருங்க” என்றார். ஹைட்ராலிக் டேப்பெட் வருஷக்கணக்கில் ஆயில் வற்றிக் கிடந்தது, இப்போதுதான் ஏறுகிறது. ஒவ்வொரு தட்டலாகக் குறைந்து, கடைசியில் அடங்கி, ஐடிலில் நின்றது.

அந்த ஐடில்! ஒவ்வொரு அடிக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அந்த இடைவெளியில்தான் இந்த வண்டி குடியிருக்கிறது. அடுத்த அடி வருமா என்று ஒரு நொடி சந்தேகம் வரும், வந்துவிடும், மறுபடி சந்தேகம். நல்ல தவில்காரர் காலப்பிரமாணத்தை இழுத்துப் பிடிக்கும்போது வருமே, அந்த மாதிரி. கடைக்கு வெளியே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

இதற்கு மாயமெல்லாம் ஒன்றுமில்லை. 346 சிசியும் ஒரே சிலிண்டர். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலத்தைவிட ஓட்டம் நீளம். அதனால் வேகமாகச் சுற்றப் பிடிக்காது. மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும். 28 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கைக்குக் கிடைக்கிறது. பவர் 19.8 பிஹெச்பி. இன்றைக்கு 200 சிசி பைக் இதைவிட அதிகம் கொடுக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தினமும் எனக்கு ஞாபகப்படுத்துகிறான். கொடுக்கட்டும். அவன் வண்டி நாற்பதில் அழுது, நூறில் சிரிக்கிறது. என்னுடையது ஐந்தாவது கியரில் நாற்பதில் முணுமுணுத்துக்கொண்டே, அறுபதில் வாய்விட்டுச் சிரித்து, எழுபதில் பாட ஆரம்பித்துவிடும். தொண்ணூறுக்கு மேல் ஹேண்டில்பாரில் கை மரத்துப்போகும். எதற்குப் போகணும்? எழுபதில் எல்லாம் கிடைத்துவிட்டதே!

குரூஸரின் சூட்சுமம் சீட்டில் இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் தெரிந்தது, சூட்சுமம் மணிக்கட்டில். முன்னால் சாய்ந்து ஓட்டும் வண்டியில் நம் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். இதில் கைக்கு வேலையே இல்லை, திருப்புவதைத் தவிர. தோள் தளர்ந்துவிடுகிறது. தோள் தளர்ந்தால் கழுத்து திரும்புகிறது. கழுத்து திரும்பினால் வயலில் என்ன பயிர், யார் வீட்டில் விசேஷம், எந்தக் கடையில் வடை போடுகிறார்கள் எல்லாம் தெரிகிறது. இருபது வருஷம் போய்வந்த பொள்ளாச்சி ரோட்டில் இப்போதுதான் இரண்டு ஐயனார் கோயில்களைப் பார்க்கிறேன். முதுகுப் பலகை வந்த பிறகு என் மனைவியும் கட்சி மாறிவிட்டாள். “கார் வாங்கியிருக்கலாம்” என்றவள், போன மாசம் ஈச்சனாரியில் இறங்கும்போது “அதுக்குள்ள வந்துருச்சுங்களா?” என்றாள். நான் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். இப்படிப்பட்ட வார்த்தைகளைப் பொத்தி வைத்துக்கொள்ளணும்.

தை மாசம் வால்பாறை போனேன், தனியாக. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. முதல் இரண்டு வளைவில் பயந்தேன். 180 கிலோவுக்கு மேல் கனம், நீளமான உடம்பு, திரும்புமா? மூன்றாவதில் வண்டியே சொல்லிக்கொடுத்துவிட்டது. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடு, உள்ளே போனபின் எதையும் தொடாதே, வெளியே வரும்போது மெல்ல முறுக்கு. அவ்வளவுதான். கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அடியிலிருந்து யாரோ பெரிய கையை வைத்துத் தள்ளிவிடுவதுபோல் மேலே ஏறும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், நிறுத்தினேன். கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. ரோட்டோரச் சுவர்மேல் இரண்டு வரையாடுகள். வண்டிச் சத்தத்துக்கு அவை மிரளவில்லை. நின்று மென்றுகொண்டே பார்த்தன. சைலன்சர் விஷயத்தில் ஐயா சொன்னது ஆடுகளுக்கும் பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டேன்.

அட்டகட்டிக்கு மேல் பனி இறங்கி ஹெல்மெட் கண்ணாடி மங்கியது. தேயிலைக்குள் ரோடு வளைந்து வளைந்து போக, மூன்றாவது கியரிலேயே, முப்பத்தைந்தில், அரை மணி நேரம். ரொட்டிக்கடையில் டீ குடிக்கும்போது இன்ஜின் ஆறும் சத்தம், டிக் டிக் என்று. கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, “எந்த வருஷங்க?” என்றார். சொன்னேன். “நான் 2004 வச்சிருந்தேன். வித்துட்டேன்” என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு டீ கேட்டேன்.

இறங்கும்போது இன்னும் சுகம். ஏறிய அதே இரண்டாவது கியரில் விட்டுவிட்டால் அந்த நீள ஓட்டத்துப் பிஸ்டனே பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டுக்கொண்டால் போதும். நாற்பதிலிருந்து ஒன்றுவரை பலகைகளைத் தலைகீழாக எண்ணிக்கொண்டே வந்தேன். லிட்டருக்கு முப்பத்தைந்து கொடுத்திருந்தது, மலையில்.

அடிவாரத்தில் நேராகப் பொள்ளாச்சிக்குப் போயிருக்கலாம். ஆனைமலைக்குத் திருப்பினேன். சொல்லிக்கொள்ளாமல்தான் போனேன். தோட்டத்துத் தடத்தில் முதல் கியரில், முடிந்தவரை அமைதியாக உள்ளே நுழைந்தேன். தொழுவத்தில் கட்டியிருந்த மாடு தலையைக்கூடத் தூக்கவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து ஐயா துண்டை உதறிக்கொண்டே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து சைலன்சரை எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்து, “வாங்க தம்பி, எளநி வெட்டட்டுங்களா?” என்றார்.